மிக்ஸி கசிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து மிக்ஸி, குக்கர், அடுப்பு எல்லாமே முதல் அக்ரஹாரம் பக்கம் ஒரே கடையில்தான் வாங்குவோம். போன தீபாவளிக்கு மருமகள் போனில் காட்டினாள் என்று ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினேன். கடை விலையைவிட 1,150 ரூபாய் குறைவு. ஒன்றரை மாதத்தில் பெரிய ஜாரின் அடியில் கசிய ஆரம்பித்தது. செயலியில் கேட்டால், ‘ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது’ என்று வருகிறது. பில்லில் இருக்கும் கம்பெனி ஹரியானாவில் இருக்கிறது. இங்கே சர்வீஸ் சென்டரில், ‘ஆன்லைன்ல வாங்கினதுக்கு நாங்க பொறுப்பு இல்லைம்மா’ என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பழைய கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் வாஷரை மாற்றிக் கொடுத்து 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பத்து நாளில் மறுபடியும் கசிகிறது. என் மகனோ, ‘நாம ஒருத்தர் வாங்காம விட்டா அவங்களுக்கு என்னம்மா நஷ்டம்?’ என்கிறான். இப்படியே போனால் ஊரில் கடைகளே இல்லாமல் போய், அவர்கள் வைத்ததுதான் விலை என்று ஆகிவிடாதா? இவர்களைக் கேட்க ஆளே இல்லையா? அடுத்த மாதம் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று வேறு வாங்க வேண்டும். எங்கே வாங்குவது?

— வாசகி, அம்மாப்பேட்டை

பதில் தருபவர்: நுகர்வோர் வழக்குகளை நடத்தும் சேலம் வழக்கறிஞர்

அன்புள்ள அம்மா,

முதலில் மிக்ஸியை முடித்துவிடுவோம், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மிக்ஸியில் மூன்று பேருக்குச் சம்பந்தம் உண்டு. தயாரித்த கம்பெனி ஒன்று. பில் போட்ட ஹரியானா விற்பனையாளர் ஒருவர். இந்த இருவரையும் உங்கள் போனில் கொண்டுவந்து காட்டி, பணத்தையும் வாங்கிக்கொண்ட தளம் மூன்றாவது. பழுது என்று போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

வாரண்டி கொடுப்பது தயாரித்த கம்பெனி. பில் ஹரியானாவில் போட்டதா, முதல் அக்ரஹாரத்தில் போட்டதா என்பது அந்த வாரண்டியை மாற்றாது. அட்டையில் ‘அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கியிருக்க வேண்டும்’ என்று நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் சொன்ன பதில் வெறும் வாய்ப்பேச்சு. அங்கே மறுபடி நின்று வாதாட வேண்டாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பேச்சும் புகார் எண்ணோடு இருந்தால்தான் பிற்பாடு நிற்கும்.

‘ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது’ என்பதைப் பார்த்துப் பலரும் பயந்துவிடுகிறார்கள். ஏழு நாள், பத்து நாள் என்பதெல்லாம் பொருளைச் சுலபமாகத் திருப்பி அனுப்ப அந்தத் தளம் வைத்துக்கொண்ட கெடு. பழுதான பொருளை விற்றவர்மேல் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை அந்தக் கெடுவோடு செத்துப்போவதில்லை. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் செயலியின் சாட்டில் இதுவரை பேசியது இயந்திரத்தோடு. இனி இந்த அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பில், ஆர்டர் எண், ஜாரின் அடியில் கசிவது தெரிகிற சின்ன வீடியோ மூன்றும் போதும். கடைக்காரத் தம்பி வாஷர் மாற்றியதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். ‘வெளி ஆள் கை வைத்துவிட்டார்’ என்று அவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். மோட்டாரைத் திறக்கவில்லை, கசிவும் அதற்கு முன்பே இருந்தது என்பதைச் சேர்த்து எழுதினால் அந்த வாதம் எடுபடாது.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் அனுபவத்தில், இந்த அளவு தொகைக்கான சண்டைகள் நிறைய இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் சேலத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த் தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். எது எந்த இடம் என்பதிலேயே வாதம் இழுக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2020 ஜூலை முதல், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அம்மாப்பேட்டையில் இருக்கும் உங்களுக்காக ஹரியானா விற்பனையாளர் சேலத்தில் பதில் சொல்ல வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. என்னைப் போல ஒரு வக்கீலை வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் போடலாம். காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்.

‘நாங்கள் விற்கவில்லை, இடம் மட்டும்தான் கொடுத்தோம்’ என்று தளம் சொல்லும். இது அவர்கள் எப்போதும் சொல்வது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் மேல் ஓர் உத்தரவு போட்டது. தர நிர்ணயத்துக்கு உட்படாத பிரஷர் குக்கர்களை அதன் தளத்தில் விற்க விட்டதற்காக 1 லட்சம் ரூபாய் அபராதம். அவற்றை வாங்கிய 2,265 பேருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவு. அதே மாதம் ஃப்ளிப்கார்ட் மேலும் 598 குக்கர்களுக்காக அதே மாதிரி ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் வாங்கிக்கொண்டு, பொறுப்பு வரும்போது மட்டும் வெறும் இடைத்தரகர் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் அங்கே ஆணையம் எடுத்த நிலை. சமையலறையில் வெடிக்கக்கூடிய ஒரு பொருளுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

இனி அந்த 1,150 ரூபாய். உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மிக்ஸிப் பெட்டியைத் திருப்பி, லேபிளில் இருக்கும் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் நீங்கள் விலை கேட்ட மிக்ஸியின் எண்ணும் இதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆன்லைனுக்கென்றே தனி மாடல் விடும் கம்பெனிகள் உண்டு. பெயர் அதே, நிறம் அதே, உடம்பும் அதே. ஆனால் ஒன்று 750 வாட்ஸ், இன்னொன்று 500 வாட்ஸ். ஒன்றுக்கு நான்கு ஜார், மற்றதற்கு மூன்று. ஒன்றில் மோட்டாருக்கு ஐந்து வருட வாரண்டி, மற்றதில் இரண்டு. இட்லி மாவும் தேங்காயும் தினம் அரைபடும் வீட்டில் இந்த வித்தியாசம் ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். மாடல் எண் ஒன்றாக இருந்தால் 1,150 உண்மையான லாபம். வேறாக இருந்தால் நீங்கள் வாங்கியது விலை குறைந்த இன்னொரு மிக்ஸி, அவ்வளவுதான்.

‘60 சதவீதம் தள்ளுபடி’ என்று சிவப்பில் போடுகிறார்களே, அது எம்ஆர்பியிலிருந்து கழித்த கணக்கு. எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்ச விலை. எந்தக் கடையிலும் மிக்ஸியை அந்த விலைக்கு விற்பதில்லை. ஆகவே சதவீதத்தைப் பார்க்காதீர்கள், கடைசியில் கையிலிருந்து போகும் தொகையை மட்டும் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு விலை இருக்கும். பணம் கட்டும் பக்கம் போவதற்குள் டெலிவரி, கையாளும் கட்டணம், சலுகைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறியிருக்கும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். 30,000 ரூபாய் ஃபிரிட்ஜ், ஆறு தவணை, மாதம் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வட்டியை விடுவதில்லை. ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,270 ரூபாய் வட்டி. அந்தத் தொகையைத் தள்ளுபடியாக விலையில் முன்கூட்டியே கழித்து, சரிக்குச் சரி என்று காட்டுகிறார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது 229 ரூபாய். செயலாக்கக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி என்று இன்னும் கொஞ்சம். எல்லாம் பிற்பாடு கார்டு பில்லில் வரும். தவணை தேவைப்படுகிறவர்கள் எடுக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. செலவே இல்லை என்று நம்பி எடுக்க வேண்டாம். கடைகளில் மேசை போட்டு உட்கார்ந்து தவணை கொடுக்கும் நிதி நிறுவனங்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

திரையில் முதலில் வருவது நல்ல பொருள் என்ற நினைப்பும் வேண்டாம். கம்பெனி காசு கொடுத்துக் கடை வாசலில் தன் சரக்கை முன்வரிசையில் அடுக்கச் சொல்வது போலத்தான் இதுவும். ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் இருக்கும், மருமகளைக் காட்டச் சொல்லுங்கள். ‘இன்னும் இரண்டே இருக்கிறது’, ‘பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்பதையெல்லாம் பொய்யாகப் போட்டு அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது இவை உட்பட 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. அப்படி எதையாவது பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் 1915-இல் புகாராக நிற்கும்.

கேட்க ஆளே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறார்கள், ஆனால் மெதுவாக. வெளிநாட்டு முதலீடு உள்ள தளம் இந்தியாவில் தன் சொந்தச் சரக்கை நேராக உங்களுக்கு விற்க அனுமதி இல்லை. பிறர் விற்க இடம் மட்டும் தரலாம். 2007-இல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட்டை 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்துத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2013-இல் இங்கே வந்த அமேசானும் அதே விதிக்குள்தான் அடக்கம். தனக்கு நெருக்கமான ஓரிரு விற்பனையாளர் மூலம் சுற்றி வளைத்து விற்பதைத் தடுக்க, 2019 பிப்ரவரியில் விதியை இன்னும் இறுக்கினார்கள். ஒரு விற்பனையாளர் தன் கொள்முதலில் 25 சதவீதத்துக்கு மேல் தளத்திடமோ அதன் குழும நிறுவனங்களிடமோ வாங்கினால், அந்தச் சரக்கு தளத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும்.

2020 ஜனவரியில், டெல்லி வியாபாரிகள் சங்கம் ஒன்று கொடுத்த புகாரின் பேரில், சந்தையில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் இந்த இரண்டு தளங்கள் மேலும் விசாரணைக்கு உத்தரவிட்டது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னுரிமை, கட்டுப்படியாகாத தள்ளுபடி, சில மொபைல்களை ஒரே தளத்தில் மட்டும் வெளியிடுவது இவைதான் புகார். தளங்கள் கர்நாடக உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றமும் போயின. 2021 ஆகஸ்டில் விசாரணையை நிறுத்த உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விசாரணைப் பிரிவின் அறிக்கை 2024-இல் அவர்களுக்கு எதிராகவே வந்ததாகச் செய்திகள் சொல்லின. அறிக்கை தீர்ப்பாகாது, தளங்கள் தங்கள்மேல் தப்பில்லை என்றே சொல்கின்றன. ஆனால் புகாருக்கும் அறிக்கைக்கும் நடுவில் நான்கு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் எத்தனை மொபைல் கடைகள் ஷட்டரை இறக்கின என்று ஐந்து ரோட்டிலும் புது பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் கடை வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்தத் தாமதம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நம் போட்டிச் சட்டம் பெரிய ஆளாக இருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை, அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் பிடிக்கிறது. அதுவும் ஒரு நிறுவனம் அல்லது ஒரு குழுமத்தின் ஆதிக்கத்தை. இரண்டு பெரிய தளங்கள் சந்தையைப் பங்கு போட்டு நிற்கும்போது அந்தப் பிரிவு கைக்கு எட்டுவதில்லை.

கடைகள் இல்லாமல் போனால் விலை ஏறுமா என்ற உங்கள் பயம் நியாயமானது. உணவு டெலிவரியைப் பாருங்கள். அங்கே இரண்டு செயலிகள்தான் பெரிய ஆட்கள். 2023-இல் ஓர் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று பிளாட்ஃபார்ம் கட்டணம் போட ஆரம்பித்தார்கள். சுமார் இரண்டு ஆண்டில் அது 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. இரண்டு ரூபாய்தானே என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் போக வேறு இடம் இல்லை. மிக்ஸிக்கும் மளிகைக்கும் இன்னும் நமக்குப் போக இடம் இருக்கிறது. லீ பஜார் இருக்கிறது, உழவர் சந்தை இருக்கிறது, செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது. பேரம் பேசுகிற தெம்பு அதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. நீங்கள் ஒரு மிக்ஸியை வாங்காமல் விட்டால் அந்தத் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே பணத்துக்கு உங்கள் தெருவில் எடை வேறு. மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்கும் வீடு வருடத்துக்கு 72,000 ரூபாய் வியாபாரம் கொடுக்கிறது. அந்த மாதிரி இருபது வீடு நின்றுவிட்டால் ஒரு சின்னக் கடை வாடகை கொடுக்க முடியாது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். ஒருவர் வாங்காமல் விடுவது பெரிய தளத்தைத் தொடாது, ஒருவர் கொடுக்கும் புகார் தொடும்.

அதற்காகக் கடைக்காரர்களை எல்லாம் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. பில் கேட்டால் ‘ஜிஎஸ்டி சேர்த்தால் விலை கூடும்’ என்று மழுப்புகிறவர்கள் நம் கடைவீதியில் இருக்கிறார்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பழுதான பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதைச் சட்டம் நேர்மையற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் விடுவதும் அதே கணக்கில்தான் வரும். பில் இல்லாமல் கடையில் வாங்குவதைவிட, பில்லோடு ஆன்லைனில் வாங்குவது உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆன்லைன் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஏற்காட்டில் இருக்கிற ஒரு வீட்டுக்கு மிக்ஸி ஜாரின் ரப்பர் ஒன்று வேண்டும் என்றால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவதைவிடப் பார்சல் வருவது பெரிய உதவி. படி இறங்க முடியாத முதியவர்களுக்கும், சில பொருளைக் கடையில் நின்று கேட்கக் கூச்சப்படும் பெண்களுக்கும், இங்கே கிடைக்காத புத்தகம் தேடுகிறவர்களுக்கும் அது நல்ல வசதி. வெள்ளிக் கொலுசை மட்டும் படம் பார்த்து வாங்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் எடை போட்டு, காலில் மாட்டி, திருகு சரியாக விழுகிறதா என்று பார்த்து, பழைய வெள்ளியைக் கொடுத்துக் கழித்து வாங்கலாம். அதையெல்லாம் எந்தச் செயலியும் செய்து தராது. ஜவ்வரிசியும் அப்படித்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்கை இங்கேயே கையில் அள்ளிப் பார்த்து வாங்க முடிகிறபோது, வேறு எங்கோ பொட்டலம் கட்டியதை டெலிவரிக் கட்டணம் கொடுத்து வரவழைப்பானேன்?

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். கடையில் அரை மணி நேரம் நின்று, கடைப் பையனை நான்கு மிக்ஸியை இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, வாசலில் வந்து போனில் ஆர்டர் போடுவது. அந்தப் பையனின் உழைப்புக்கும் கூலி உண்டு.

கிரைண்டருக்கு வருவோம். இரண்டு லிட்டர் போதுமா, கல் எத்தனை, மோட்டார் எத்தனை வாட்ஸ், வாரண்டி எத்தனை வருடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மாடல் எண்ணோடு ஆன்லைன் விலையை, எல்லாக் கட்டணமும் சேர்ந்த கடைசித் தொகையை, எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு உங்கள் கடைக்காரத் தம்பியிடம் போய், ‘வெளியில இவ்வளவு போட்டிருக்கு, நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?’ என்று நேராகவே கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை, அவரும் தினம் கேட்கிற கேள்விதான். ஆன்லைன் விலைக்கு அவரால் முழுக்க இறங்க முடியாமல் போகலாம். சில பொருள்கள் ஆன்லைனில் விற்கும் விலைக்கே தங்களுக்குக் கொள்முதல் கிடைப்பதில்லை என்று கடைக்காரர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முந்நூறு, நானூறு ரூபாய் கூடுதலாக இருந்தால் நான் கடையில்தான் வாங்குவேன். கல் ஆடினாலோ பெல்ட் அறுந்தாலோ தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும். உங்கள் 60 ரூபாய் வாஷரே அதற்குச் சாட்சி. ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம், மாடலும் ஒன்று என்றால், அவரிடம் சொல்லிவிட்டே வெளியில் வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், கடை முத்திரையோ ஆர்டர் எண்ணோ உள்ள வாரண்டி அட்டை இரண்டையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். பார்சலில் வந்தால் பெட்டியைப் பிரிக்கும்போதே மருமகளை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கல் உடைந்து வருவது கிரைண்டரில் சகஜம்.